மூலையில் ஒரு நத்தை

"பத்திரிகை ரொம்ப அழகா இருக்கு. அந்த நத்தையை மட்டும் எடுத்துடு."

சொன்னவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேஜை மேல் கிடந்த மாதிரி அட்டையைப் பார்த்துச் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத பேச்சை நாம் பொருளைப் பார்த்துத்தான் சொல்கிறோம். வீட்டில் மேஜை நாற்காலியெல்லாம் போட்டு வைத்திருப்பது அதற்கும்தானோ என்னவோ.

அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள், கல்யாணப் பெண்ணின் அம்மா. கேட்டுக்கொண்டு நின்றவள் இளைய மருமகள். அந்த அட்டையின் படத்தை வெட்டி, மை தடவி, அழுத்தி எடுத்தவள் அவள்தான். நகக்கண்ணில் மை இன்னும் போகவில்லை. ஒரு பழைய துணியில் விரலைத் துடைத்தபடி, "ஏன்க்கா?" என்று கேட்டாள்.

"ஏன்னு கேட்டா என்ன சொல்றது? காலையில சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. நம்ம பொண்ணு படத்தை அனுப்பி வெச்சிருந்தா இல்ல, அதைப் பார்த்துட்டு." மூத்தவள் மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவினாள். "'படமெல்லாம் நல்லா இருக்கு, மூலையில இருக்கிற நத்தையை எங்கேயோ பார்த்திருக்கேன்'ன்னாங்க. போன வருஷம் அவங்க அக்கா தவறினப்ப அடிச்ச நினைவு அட்டையில இருந்துச்சாம். 'சாவுக்கு அடிச்ச கையாலயே கல்யாணத்துக்கும் அடிக்கணுமா'ன்னு கேட்டாங்க. அது யாரு கைன்னும் விசாரிச்சிருக்காங்க. விசாரிச்சா ஊர்ல சொல்லாம இருப்பாங்களா? புருஷன் இல்லாதவன்னு சொல்லிட்டாங்க."

கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னால் குத்தாது என்று எண்ணம். ஊசியை மெதுவாகக் குத்தினாலும் ஊசி ஊசிதான்.

இளையவளுக்கு வீட்டிலும் தெருவிலும் நத்தை என்றுதான் பெயர். வைத்தவன் அவள் கணவன். படத்தில் ஓர் இலையின் நரம்பை வெட்ட ஒரு முழு மத்தியானத்தை எடுத்துக்கொள்வாள். "ஏ நத்தை, ஊர்ந்து ஊர்ந்து எப்ப ஊர் போய்ச் சேரப் போறே?" என்று அவன் கேலி செய்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்து வெட்டின படத்தின் மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தையை வெட்டி வைத்தாள். அன்றிலிருந்து அது அவள் முத்திரை. கேலி செய்தவன் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டான்.

அவன் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவன். அச்சகத்தை மூடினபோது, யாருக்கும் வேண்டாமல் கிடந்த கை அச்சு இயந்திரம் ஒன்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். துணி காயப்போடும் பின்னறையில் அதை இறக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. சக்கரத்தைச் சுற்றுவது அவன் வேலை. வெட்டுவது அவள் வேலை. தரைவிரிப்புப் போலத் தடித்த லினோத் துண்டில் சின்ன உளியால் செதுக்க வேண்டும். செதுக்கின இடம் தாளில் வெள்ளையாக நிற்கும். செதுக்காமல் விட்ட இடம் மை வாங்கிப் பதியும். ஒரு கோடு தப்பினால் தப்பினதுதான். இதில் அழித்து எழுதுகிற பேச்சே கிடையாது.

அவன் போனபின் அந்த இரும்பைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவாள் என்றுதான் வீடு நினைத்தது. ஒரு மாதம் கழித்துப் பின்னறையிலிருந்து சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. "பாவம், இரும்பைக் கட்டிக்கிட்டு அழுவுது" என்றார்கள் பக்கத்து வீட்டில். அவள் அழத்தான் செய்தாள். அழுதுகொண்டே நாட்காட்டி அடித்தாள். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியும் என்பது வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நாட்காட்டி விற்றது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டும் பெயர்ச் சீட்டு விற்றது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்தாள். "நத்தை போட்டது இருக்கா?" என்று தேடி வந்து கேட்கிறவர்கள் உண்டானார்கள். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது நினைவு அட்டை. யாராவது தவறிப்போனால் மறுநாளே ஆள் வந்து நிற்கும். துக்கம் தெரிந்த கை, நன்றாக வரும் என்பார்கள். நன்றாகவும் வந்தது. கல்யாணத்துக்கு மட்டும் ஒருவரும் வந்ததில்லை. நிச்சயம் முடிந்த வீட்டுக்காரர்கள் அவள் மேஜைக்கு எதிரில் நின்று அட்டையைத் தடவிப் பார்ப்பார்கள், "என்ன அழகு!" என்பார்கள், போய்விடுவார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.

கடைத்தெருவில் தாள் கடை வைத்திருந்த அம்மாள் ஒருத்தி இதைக் கவனித்தாள். இளையவள் அவளிடம்தான் தாள் வாங்குவாள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். "இந்தா பாரு, நான் கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் எடுக்கிறவ. உன் அட்டையை என் கடைக் கண்ணாடிக்குள்ள வெக்க எனக்கு ஆசைதான். ஆனா வர்றவங்க 'இதை அடிச்சு யார் வீட்டுல கல்யாணம் நடந்துச்சு'ன்னு கேப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, உங்க வீட்டுலயே ஒரு கல்யாணத்துக்கு அடிச்சு நத்தையோட கொண்டு வா. நடுவுல வெச்சிடறேன். அப்புறம் உன்னைத் துக்கத்துக்கு மட்டும் எவன் கூப்பிடுறான்னு பார்ப்போம்" என்றாள்.

அதனால்தான் மூத்தவளின் மகள் பின்னறைக்கு வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சித்தி, என் பத்திரிகையை நீங்கதான் பண்றீங்க. கடை அட்டையெல்லாம் வேணாம்" என்றபோது அவள் உடனே உளியைத் தீட்ட உட்கார்ந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் கல்லூரிக்குச் சைக்கிளில் போய்ப் பழகினவர்கள். அதனால் அட்டையில் ஒரே மரத்தில் சாய்த்து வைத்த இரண்டு சைக்கிள், இரண்டின் கைப்பிடியும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கிற மாதிரி. இருபது நாள் வெட்டினாள். கீழ்மூலையில், மரத்தடியில், சக்கரத்தின் பக்கத்தில் நத்தை. மாதிரிக்கு ஆறு அட்டை எடுத்தாள். அதில் ஒன்றுதான் இப்போது மேஜை மேல் கிடக்கிறது.

"என்ன பேசாம நிக்கிறே?" என்றாள் மூத்தவள். "நான் ஒண்ணும் உன்னைச் சொல்லலை. உன்னை இந்த வீட்டுல யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கோமா?"

அதுவும் நிஜம். ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவள் எதிரில் வராமல் பின்னறையில் இருக்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னறையில் வேலை இருக்கும்படி அவளே பார்த்துக்கொண்டாள். சொல்லாமலே நடக்கிற கொடுமைக்குக் குடும்ப ஒற்றுமை என்று ஒரு பெயர் இருக்கிறது.

அப்போது பெண்ணின் அப்பா, இளையவள் கணவனின் அண்ணன், உள்ளேயிருந்து வந்தார். நல்ல மனிதர், தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் மனம் கோணக்கூடாது என்று காலையிலிருந்து யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"ஏம்மா, நத்தையை எடுத்துட்டா மூலை மொட்டையா இருக்கும். நான் என்ன சொல்றேன்னா, அங்க தம்பி பேரைப் போட்டுடலாம். சின்னதா. அவன் வாங்கிட்டு வந்த மிஷின்தானே? சித்தப்பன் ஆசீர்வாதம் பொண்ணுக்கு இருந்த மாதிரியும் ஆச்சு. சம்பந்தியம்மாகிட்டயும் கேட்டேன். 'தாராளமாப் போடுங்க, ஆம்பளை பேருக்கு என்ன'ன்னுட்டாங்க."

மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அப்படி ஒரு அன்பு பொங்கி வழிந்தது.

இளையவள் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"செத்துப் போனது அவருதானே அத்தான்? நான் இல்லையே."

நல்ல மனிதர் தரையைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. தோன்றினபின் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கதவோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கல்யாணப் பெண் சித்தியின் பின்னாலேயே பின்னறைக்கு வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி, எனக்கு இதுல நம்பிக்கை எல்லாம் கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா."

"ஆனா நான் போய் வாழப் போற வீடு. முதல் நாளே பேச்சு வந்துடும். நாளைக்கு யாருக்காவது தலைவலின்னாலும் நத்தையைத்தான் சொல்வாங்க. எனக்காக சித்தி. இந்த ஒரு தடவை."

உலகத்தில் எல்லா அநியாயமும் இந்த ஒரு தடவைதான் நடக்கிறது. அந்தப் பெண் அழுதாள், நிஜமாகவே அழுதாள். பயந்தாங்கொள்ளிகளின் அழுகையும் அழுகைதான். அவளைச் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டப் பழக்கினவள் சித்திதான். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். இப்போதும் விட்டுவிட மனம் வரவில்லை.

"சரி, போ. பேரெல்லாம் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடு. உங்க சித்தப்பா பேரும் வேணாம். மூலை மூலையாவே இருக்கட்டும்."

அந்த இடத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்து மறைத்தும் அடித்திருக்கலாம். அச்சு வேலையில் அது சாதாரணம். நத்தை லினோத் துண்டிலேயே பத்திரமாக இருந்திருக்கும். அறுநூறு அட்டைக்கும் அறுநூறு தடவை அதை ஒளித்து வைக்க அவளால் ஆகாது என்று தோன்றியது. சின்ன உளியை எடுத்தாள். முதலில் ஓட்டின் சுழியை, பிறகு கழுத்தை, கடைசியில் இரண்டு கொம்புகளை. சுரண்டின துகள் மேஜையில் ஒரு சிட்டிகை கூட இல்லை. ஊதினாள், போய்விட்டது. எட்டு நாள், ஒற்றை ஆளாகச் சக்கரம் சுற்றி அறுநூறு அட்டையும் அடித்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற பரிசுகளைக் கட்டுகிற அறை ஒன்று இருந்தது. "ஆளுங்களை நம்பி விட முடியாது, நீ இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று மூத்தவள் அவளை அங்கே உட்கார வைத்தாள். ஜன்னலில்லாத அறை. மேளச் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்தது. பெண் மேடையேறினதும், மாலை மாற்றினதும் அவளுக்குச் சத்தமாகத்தான் தெரியும்.

பத்திரிகையைப் பாராட்டாதவர் இல்லை. இந்தச் சைக்கிளை வெட்டினது யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெண்ணின் அப்பா பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் திணறினார். மூன்றாவது ஆள் கேட்டபோது அவர் வாயிலிருந்து தானாக வந்தது: "என் தம்பி வெட்டினது. அண்ணன் மக கல்யாணத்துக்குன்னு அப்பவே வெட்டி வெச்சுட்டுப் போயிட்டான்." கேட்டவர்கள் உருகிப் போனார்கள். ஒரு பெரியவர் கண்ணீர் விட்டார். அந்தக் கதை பந்திக்குள் போய், கைகழுவுகிற இடம் வரைக்கும் வந்து, கடைசியில் பரிசு கட்டுகிற அறைக்கும் வந்து சேர்ந்தது. ரிப்பன் வாங்க வந்த ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் கை தங்கம்ங்க, குடுத்து வெக்கலை உங்களுக்கு" என்றாள். இளையவள் ரிப்பனை அளந்து கொடுத்தாள். அவளுடைய கணவன் உயிரோடு இருந்தவரை ஒரு நேர்க்கோடுகூட வெட்டத் தெரியாதவன். அதை அவனே பெருமையாகச் சொல்வான். இருந்திருந்தால் மேடையேறி நின்று மறுத்திருப்பான் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கட்டின பரிசுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, யாரும் வருவதற்குள் அழுது முடித்தாள்.

கல்யாணம் முடிந்ததும் அவள் கொண்டுபோன அட்டையைத் தாள் கடை அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல நத்தை எங்கே?"

"எடுக்கச் சொல்லிட்டாங்கம்மா."

"நீயும் எடுத்துட்டே." அவள் அட்டையைக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் மனசில்லாமல் கல்லாப்பெட்டி மேலேயே வைத்துக்கொண்டாள். "முத்திரை இல்லாத அட்டையைப் பார்த்துட்டு எவன் உன்னைத் தேடி வருவான்? ஊரெல்லாம் உன் புருஷன் பண்ணினதுங்குது. செத்தவன்கிட்டப் போய் ஆர்டர் குடுக்க முடியுமா? இலவு காத்த கிளியாப் போச்சேடி உன் கதை."

அன்றைக்கு அவள் தாள் வாங்காமல் திரும்பினாள். வழியில், பேருந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால், தையல்காரர் காலி செய்துவிட்டுப் போன ஒற்றை அறை பூட்டிக் கிடந்தது. அடுத்த மாதமே இயந்திரத்தை அங்கே மாற்றினாள். ஏற்ற நாலு பேர், இறக்க நாலு பேர். "கோவிச்சுக்கிட்டுப் போறாளா?" என்று தெரு கேட்டது. "தனியா ஒரு பொம்பளை கடை வெக்கிறதாவது" என்றும் கேட்டது. மூத்தவள் வாசல்வரை வந்து, "பின்னறையில என்ன குறை வெச்சோம்?" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஒரு குறையும் இல்லக்கா. அது பின்னறை. அவ்வளவுதான்."

புது அறையின் வாசலில் பலகை மாட்டினாள். பலகையில் எழுத்தே இல்லை. ஒரு முழம் அகலத்துக்கு ஒரு நத்தை. பிழைப்பு நடந்தது. நாட்காட்டி, பெயர்ச் சீட்டு, துணிக்கடைக்காரருக்குத் தாள் பை. துக்கம் வழக்கம்போல வாசல் தேடி வந்தது. கல்யாணம் வரவில்லை.

ஒருநாள் அத்தான் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "சம்பந்தி போயிட்டாரும்மா. குளிச்சிட்டு வந்தவர் அப்படியே உக்கார்ந்துட்டார். நினைவு அட்டை அடிக்கணும். அவங்களே உன்கிட்டதான் குடுக்கச் சொன்னாங்க." போகும்போது திரும்பி, பெருந்தன்மையாக ஒரு வார்த்தையும் சொன்னார்: "மூலையில நத்தை இருக்கட்டும்மா. இதுக்கு ஒண்ணுமில்ல."

அவள் அடித்துக் கொடுத்தாள். அவருக்குப் பிடித்த சாய்வு நாற்காலியை வெட்டினாள், காலியாக.

எட்டு மாதம் போயிற்று. ஒரு முற்பகலில், அறை வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். உள்ளே வராமல் பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தையை எடுக்கச் சொன்ன அந்தச் சம்பந்தியம்மாள். நல்ல உயரம், ஒரு காலத்தில் அவள் நடந்து வந்தால் கூட்டம் வழிவிடும். இப்போது அவளே ஓரமாக ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் அந்தப் பாடம் நன்றாகவே வந்துவிடும்.

"உள்ள வாங்க."

"வரலாமா?"

"இங்க யார் வேணா வரலாம்."

முக்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பெரிய அச்சகத்தில் அடித்தது, தங்க எழுத்து மினுமினுத்தது. "சின்னவனுக்குக் கல்யாணம். அடுத்த மாசம். படிச்சுப் பாருங்க."

இளையவள் படித்தாள். அழைப்பவர்கள் இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சித்தியும். நடுவில், 'காலஞ்சென்ற' என்று அப்பாவின் பெயர். அவ்வளவுதான்.

"பார்த்தீங்களா? என் மச்சினர் எழுதிக் குடுத்திருக்கார். 'அண்ணி, உங்க பேரைப் போட்டா பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு மாதிரி நினைப்பாங்க, தம்பதியாக் கூப்பிட்டாத்தான் நல்லது'ன்னார். என் பசங்க ரெண்டு பேரும் 'ஆமாம்மா'ன்னாங்க. உங்க வீட்டுப் பொண்ணு மட்டும் வாயைத் திறந்துச்சு. அப்புறம் அதுவும் மூடிக்கிச்சு." அவள் விரல் அந்தத் தங்க எழுத்தின் மேல் போய் நின்றது. "செத்தவர் பேரு இருக்கு. பெத்தவ பேரு இல்ல."

இளையவள் கையில் உளி இருந்தது. அவள் மனசில், இவளைப் பார்த்தால் கேட்க வேண்டும் என்று ஒன்றரை வருஷமாகத் தீட்டி வைத்திருந்த வார்த்தைகளும் இருந்தன. கேட்டாள்.

"அன்னிக்கு என் நத்தையை எடுக்கச் சொன்னது நீங்கதானே?"

"நான்தான்." அவள் மழுப்பவில்லை. "எங்க அக்கா போனப்ப வீடு நிறைய அந்த அட்டைதான் கிடந்துச்சு. அதே நத்தையைக் கல்யாணத்துல பார்த்ததும் பயந்துட்டேன். என் பையன் நல்லா இருக்கணுமேன்னு ஒரு பயம்." மூச்சு வாங்கினாள். "எடுத்துட்டுத்தானே கல்யாணம் பண்ணினோம். அப்பவும் அவரு போயிட்டாரே."

தன் வினை தன்னைச் சுட்டது என்று தெருவில் இருக்கிறவர்கள் இதற்குச் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இளையவளுக்கு அப்படித் தோன்றவில்லை. இவள் செய்தது தப்புதான். ஆனால் இவளைச் சுட்டது இவள் மூட்டின அடுப்பு இல்லை. எல்லா வீட்டிலும், எல்லாரும் சேர்ந்து, பெண்களையே விறகு பொறுக்கச் சொல்லி எரிய விடுகிற அடுப்பு. எதிரில் உட்கார்ந்திருந்தவள் நேற்றுவரை விறகு போட்டவள். இன்றைக்கு விறகு.

தீட்டி வைத்த மற்ற வார்த்தைகளை அவள் சொல்லவில்லை. "நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"எனக்கு ஒரே ஒரு அட்டை வேணும். என் பேரு போட்டது. நான் என் பையன் கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி. யார்கிட்டயும் காட்ட மாட்டேன். பீரோவுல துணிக்கடியில வெச்சுக்குவேன்." பெரிய மனுஷி, வாயைப் பொத்திக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். இளையவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு புதிய லினோத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு திறந்த கதவு. அதைத் திறந்து பிடித்திருக்கிற ஒரு கை. அவ்வளவுதான் படம். கீழே எழுத்து. அவளுடைய பெயரை எழுதிக் காட்டச் சொன்னாள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப் போட்டு, சுற்றிலும் செதுக்கிக்கொண்டே போனாள்.

"தலைகீழா இருக்கே" என்றாள் வந்தவள்.

"இப்ப அப்படித்தான் இருக்கும். அடிச்சாத்தான் நேராகும்."

வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. மத்தியானம் முழுக்க முக்காலியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒருதரம், "இவ்வளவு மெதுவாவா?" என்றாள்.

"நத்தைன்னு பேரு வெச்சுக்கிட்டு ஓட முடியுங்களா?"

அழுத முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எழுத்தெல்லாம் முடிந்து உளி மூலைக்கு வந்தபோது இளையவள் நிறுத்தினாள். "இங்க என்ன செய்யட்டும்? வெறுமனே விடவா?"

"நத்தை வைங்க." அவள் தயங்கவே இல்லை. "நல்லாத் தெரியற மாதிரிப் பெருசா வைங்க."

"பெருசா வெச்சா ஆமை ஆயிடும். எப்பவும் போலவே இருக்கட்டும்."

மை தடவி, தாளை வைத்து, சக்கரத்தைச் சுற்றினாள். அட்டையை உரித்தெடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஈரம், தொடாமல் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னாள். அந்த அம்மாள் படித்தாள். 'என் இளைய மகனின் திருமணத்துக்கு உங்களை அழைக்கிறேன்.' அடியில் அவள் பெயர், அது மட்டும். உதடு அசைய இன்னொரு தடவை படித்தாள். இத்தனை வயதில் அவள் பெயர் தனியாக ஒரு தாளில் அச்சாகி வந்தது இதுதான் முதல் தடவை.

"ஒண்ணு போதும்னேன் இல்ல, நான் கிளம்பறேன்" என்று எழுந்தாள்.

இளையவள் இயந்திரத்திலிருந்து லினோத் துண்டை எடுக்கவில்லை. உருளையை மறுபடி மையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க. ஒரு அட்டைக்காக இவ்வளவு மையை வீணாக்க முடியாது. நீங்க கூப்பிட்டா யார் யார் வருவாங்க?"

அந்த அம்மாள் நின்றபடியே யோசித்தாள். விரல் விட்டு எண்ணினாள். தங்கை, பள்ளிக்கூடச் சிநேகிதி, எதிர்வீட்டு டீச்சர், மருத்துவமனையில் கூட இருந்த நர்ஸ். எண்ணிக்கொண்டே வந்து பதினொன்றில் நின்றுவிட்டாள். அவள் கணவன் இருந்தபோது அந்த வீட்டுப் பத்திரிகை ஆயிரத்தைத் தாண்டும்.

"பதினொண்ணுதான் வருது" என்றாள் வெட்கத்தோடு.

"பதினொண்ணே அடிப்போம்."

சக்கரம் கிறீச்சிட்டது. அட்டைகளை ஒவ்வொன்றாக மேஜையில் உலரப் பரப்பினார்கள். அந்த அம்மாள் அவற்றை இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு மெதுவாக, "இன்னும் ஒண்ணு போடுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"என் மச்சினருக்கு." அவள் முக்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகவரி எழுதப் பேனாவுக்குக் கை நீட்டினாள். "என் பையன் கல்யாணம். அவரையும் நான்தானே கூப்பிடணும்?"